உரி, உழக்கு, கிபி

ஆய்வேடு, பகுதிநேர வேலைன்னு ஆணி அதிகம்.

போன வாரம் ஒரு கூத்து. ஆய்வுக்காக எடுத்த பேட்டி வீடியோவெல்லாம் கல்லூரி சர்வரில் கிடந்தது, மொத்தம் 950 ஜிபி. ஞாயிற்றுக்கிழமைக்குள் இறக்கிக்கணும், அப்புறம் அழிச்சிடுவாங்க. 1 டெராபைட் டிஸ்க் வாங்கினேன். ஆயிரத்துல அம்பது மிச்சம்னு மனக்கணக்கு. செருகினா, விண்டோஸ் 931ன்னு காட்டுது! மாசக் கடைசி, இன்னொரு டிஸ்குக்குக் காசில்லை. ரெண்டு பேட்டியை விட்டுட்டுத்தான் இறக்கினேன். அதுல ஒண்ணு மறுபடி எடுக்கவே முடியாதது.

கடைக்காரரைத் திட்டிப் பிரயோசனமில்லை. டிஸ்க் செய்யறவங்களுக்கு ஒரு ஜிபின்னா 100 கோடி பைட். விண்டோஸுக்கு அதே ஜிபி 107,37,41,824 பைட். நினைவகத்தில் பத்து முகவரிக் கம்பி இருந்தா 1024 இடத்தைச் சுட்டலாம். ஆயிரத்துக்குப் பக்கம்தானேன்னு அந்தக் காலத்தில் 'கிலோ'வைக் கைமாத்தா வாங்கிட்டாங்க. கிலோவில் 2.4 சதவீதம்தான் வித்தியாசம். மெகாவில் கிட்டத்தட்ட 5, கிகாவில் 7.4, டெராவில் 10. கந்துவட்டி மாதிரி ஏறுது. பழைய 1.44 எம்பி ஃப்ளாப்பி இன்னும் வேடிக்கை: அங்கே ஒரு மெகா என்பது 1000 × 1024, ரெண்டுங்கெட்டான்!

இந்தப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு சொன்ன சபை பிறந்தது நான் தினம் நடக்கிற ஸ்ட்ராண்ட் தெருவில்தான். 1906 ஜூன்ல ஹோட்டல் சிசிலில் கூடி, ஐஇசி என்கிற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தை ஆரம்பிச்சாங்க. முதல் தலைவர் கெல்வின் பிரபு. ஓடியாடி வேலை பார்த்தவர் கர்னல் கிராம்ப்டன். ஆமாங்க, நம்ம வீட்டு ஃபேன்ல இருக்கிற அதே கிராம்ப்டன்! (அதே வருஷக் கடைசியில் டிரான்ஸ்வால் இந்தியர்களுக்காக வாதாட வந்த காந்தி தங்கினதும் இதே ஹோட்டலில்.) 1930ல் பெரும்பகுதியை இடிச்சுட்டாங்க. ஸ்ட்ராண்ட் பக்க முகப்பு மட்டும் இன்னும் நிக்குது. ஐஇசி 1948ல் ஜெனீவாவுக்குப் போயிடுச்சு.

1998 டிசம்பரில் அது சொன்ன தீர்ப்பு: கிலோ, மெகாவெல்லாம் பத்தின் கணக்குக்கே, ரெண்டின் கணக்குக்கு கிபி, மெபி, டெபின்னு தனிப் பெயர். ஆப்பிள் 2009ல் பத்தின் கணக்குக்கு மாறியது. விண்டோஸ் இன்னும் ரெண்டால எண்ணிட்டு, பத்தோட பெயரைப் போடுது. என் கல்லூரி சர்வரும் அந்த ரகம்தான்னு லேட்டாத்தான் புரிஞ்சுது.

எங்க பாட்டியா இருந்தா இதில் ஏமாந்திருக்க மாட்டாங்க. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. அசல் பைனரி! ஒவ்வொரு இரட்டிப்புக்கும் தனிப் பெயர். அரிசி வாங்கப் போனாலும் முதல் கேள்வி, "சின்னப்படியா, பெரியபடியா?" அதை நான் கடையில் கேட்கலை.

ஒண்ணு மட்டும் உதைக்குது. குழப்பத்தைத் தீர்க்க வந்த இந்தப் புதுப் பெயர்களைத் தமிழில் எழுதிப் பாருங்க. கிலோவுக்கு ஜோடியும் 'கிபி', கிகாவுக்கு ஜோடியும் 'கிபி'. பத்து லட்சம் மடங்கு வித்தியாசம், ஒரே எழுத்து. போதாததுக்கு கிறிஸ்துவுக்குப் பின்னும் அதேதான் :-) யாராவது நல்ல பெயரா யோசிச்சுச் சொல்லுங்கப்பா. நான் மிச்சமிருக்கிற பேட்டிகளை எழுத்தாக்கப் போறேன்.