சூதாட்ட நகரில் அன்னாவின் குறிப்பேடு

ரஷ்யத் தளபதி ஒருவர் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறார். கூடவே அவருடைய சிறுபிள்ளைகள் இருவர், சகோதரி, வளர்ப்பு மகள், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் இளைஞன். நண்பர்கள் என்ற பெயரில் ஒரு பிரெஞ்சுக்காரர், ஓர் ஆங்கிலேயர், தாயோடு வந்திருக்கும் ஒரு பிரெஞ்சு மங்கை. பெரும்பாலோர் ஒரே விடுதியில் தங்குகிறார்கள். ஒன்றாக உண்கிறார்கள், மாலையில் பூங்காவில் உலாவுகிறார்கள். ஆனால் அவர்களுடைய மனமெல்லாம் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று மொஸ்கோவில் நோயாய்க் கிடக்கும் கிழவி ஒருத்தியின் சொத்து. மற்றது, விடுதிக்கு அருகே இருக்கும் சூதுமண்டபம்.

தோஸ்தோயெவ்ஸ்கியின் 'சூதாடி' நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. ஊரின் பெயர் ரூலெற்றன்பேர்க். அப்படி ஓர் ஊர் தேசப்படத்தில் இல்லை. ஆனால் அந்த ஊரின் மாதிரிகள் அன்றைய ஜேர்மனியில் பல இருந்தன. வீஸ்பாடன், ஹோம்பேர்க், எல்லாவற்றிலும் பெயர்பெற்ற பாடன் பாடன். அந்த ஊர்களின் வரலாற்றை நாவல்களிலும் பயணநூல்களிலும் தேடியவர்கள் பலர். அவற்றைவிட நம்பத்தக்க ஒரு சான்று உண்டென்பது என் எண்ணம். அது இருபது வயதுப் பெண் ஒருத்தி சுருக்கெழுத்தில் எழுதிவைத்த ஒரு வீட்டுக் குறிப்பேடு. அதற்குப் போகுமுன் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

பாடன் பாடன் வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர். உரோமர் காலத்திலிருந்தே அங்கே நீராடப் போனார்கள். நோய் தீரப் போகும் ஊர் சூதாடப் போகும் ஊராக மாறியதற்குப் பாரிஸ் நகரமே காரணம். பிரான்சில் 1837ஆம் ஆண்டு முடிவோடு பொதுச் சூதுமண்டபங்கள் மூடப்பட்டன. அங்கே பிழைப்பை இழந்த பெனாசே என்பவர் 1838இல் எல்லை தாண்டி வந்து பாடன் பாடன் மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்தார். 1845இல் புகையிரதம் ஊருக்கு வந்தது. தந்தைக்குப் பின் 1848இல் மகன் எதுவார் பெனாசே பொறுப்பேற்றார்.

இந்த மகன் கெட்டிக்காரர். சூதாட வருகிறவன் பெரும்பாலும் தனியே வருவதில்லை. மனைவி, மக்கள், நண்பர்கள் கூட வருவார்கள். அவர்களுக்குச் சலித்துவிட்டால் அவனும் மறுநாளே மூட்டை கட்டிவிடுவான். இதை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு அவர் கட்டியவையே சாட்சி. 1858இல் அருகிலுள்ள இஃபெற்ஸ்ஹைமில் குதிரைப் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. 1862இல் ஒரு நாடக அரங்கு. அதன் திறப்புக்கென்றே பேர்லியோஸ் என்ற பெரும் இசைமேதையைக் கொண்டு ஓர் இசைநாடகம் எழுதுவித்தார். ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகமொன்றைத் தழுவியது அது. ஐரோப்பாவின் கோடைத் தலைநகரம் என்று அந்த ஊருக்குப் பெயர் வந்தது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ரூலெற் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒரு பூச்சியம். ஆக 37 குழிகள். ஓர் எண்ணில் ஒரு காசு வைத்து வென்றால் வைத்த காசோடு 35 காசு கிடைக்கும். 37 குழிகளுக்கும் ஒவ்வொரு காசு வைத்த மகாபுத்திசாலி ஒருவன் இருந்தால் அவன் கைக்கு 36 காசு திரும்பும். மிச்சம் ஒன்று வீட்டுக்காரனுக்கு. அந்த ஒரு காசில்தான் பூங்காவும் அரங்கும் வாத்தியக் கோஷ்டியும் நடந்தன. ஹோம்பேர்க்கில் மண்டபம் நடத்திய பிளான்க் சகோதரர்கள் அதுவரை இருந்த இரண்டு பூச்சியங்களில் ஒன்றை 1843இல் நீக்கி ஆட்களை இழுத்தார்கள். இரண்டை ஒன்றாக்கினார்களே தவிர, அந்த ஒன்றை விடவில்லை. பிளான்க் என்ற பெயருக்குப் பிரெஞ்சில் வெள்ளை என்று பொருள். சிவப்பு சிலவேளை வெல்லும், கறுப்பு சிலவேளை வெல்லும், வெள்ளை மட்டும் எந்நாளும் வெல்லும் என்று ஊரார் கேலி பேசினார்களாம்.

எழுத்தாளர்களும் இந்த ஊருக்குத் தப்பவில்லை. 1857இல் இளைஞரான ரோல்ஸ்ரோய் பாடன் பாடனுக்கு வந்து கையிலிருந்த அத்தனையையும் தோற்றார். துர்க்கனேவிடம் கடன் வாங்கினார். அதையும் தோற்றார். பிற்காலத்து ஞானி ரோல்ஸ்ரோயை மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

துர்க்கனேவின் கதை வேறு. பாடகி போலின் வியார்தோ 1863இல் கணவரோடும் பிள்ளைகளோடும் அங்கே குடியேறினார். துர்க்கனேவும் பின்னாலேயே வந்து அவர்களுக்கு அயலில் வீடு கட்டினார். 1867 முதல் அவர் கதை எழுத, வியார்தோ இசையமைக்க, அவருடைய பிள்ளைகளும் மாணவிகளும் நடிக்க, சிறு இசைநாடகங்கள் அங்கே அரங்கேறின. பிரஷ்ய மன்னர் வில்லியமும் அரசி அவுகுஸ்தாவும் வந்து பார்த்தார்கள். குடும்பமும் நட்பும் கூடிக் களித்த கோடைக்காலம் என்று சொன்னால் அதைத்தான் சொல்லவேண்டும். அதே 1867இல் வெளிவந்த துர்க்கனேவின் 'புகை' நாவலுக்கும் பாடன் பாடனே களம். பணமுள்ளவனுக்கு அந்த ஊர் காட்டிய முகம் இது.

தோஸ்தோயெவ்ஸ்கிக்கு அது காட்டிய முகம் வேறு. 1863இல் வீஸ்பாடனில் முதலில் சிறிது வென்றார். வென்றதுதான் வினையாயிற்று. 1865இல் அதே வீஸ்பாடனில் ஐந்து நாட்களில் எல்லாவற்றையும் தோற்றார். விடுதியில் சாப்பாட்டை நிறுத்தித் தேநீர் மட்டும் கொடுத்தார்கள். துர்க்கனேவுக்கு எழுதி 50 தாலர் கடன் வாங்கினார். 'குற்றமும் தண்டனையும்' நாவலின் திட்டத்தைப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதி அனுப்பியதும் அந்தப் பட்டினி நாட்களில்தான்.

பதிப்பாளர் ஸ்தெலோவ்ஸ்கி கொடுத்த 3000 ரூபிளுக்கு ஒரு பொல்லாத நிபந்தனை இருந்தது. 1866 நவம்பர் 1ஆம் திகதிக்குள் புதிய நாவல் கைக்கு வராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் பணம் கொடாமல் பதிப்பிக்கும் உரிமை பதிப்பாளருக்கு. ஒக்ரோபர் தொடக்கம் வரை ஒரு வரியும் எழுதியாகவில்லை. அப்போது சுருக்கெழுத்துப் படித்த அன்னா சினித்கினா என்ற பெண் வேலைக்கு வந்தாள். அவர் சொல்லச்சொல்ல அவள் எழுதினாள். 26 நாட்களில் 'சூதாடி' முடிந்தது. நாவலைப் பெற்றுக்கொள்ளாமல் பதிப்பாளர் ஊரைவிட்டே போய்விட்டார். அதனால் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கினார்கள். அடுத்த பெப்ரவரியில் இருவருக்கும் திருமணம். இந்த நாட்களை வைத்துப் பெரும்படவம் ஸ்ரீதரன் எழுதிய மலையாள நாவல் 1993இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது.

'சூதாடி'யில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அந்தக் கிழவிதான். இறந்துவிட்டாள் என்ற தந்தி வருமென்று எல்லோரும் காத்திருக்க, அவள் நாற்காலியில் தூக்கப்பட்டு நேரே விடுதி வாசலில் வந்து இறங்குகிறாள். சூதுமண்டபம் பார்க்கவேண்டும் என்கிறாள். பார்த்தவள், பூச்சியம் என்றால் என்ன என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு அதன்மேலேயே பணத்தை வைக்கிறாள், வெல்கிறாள். அடுத்து வந்த ஆட்டங்களில் பெருந்தொகை போய்விடுகிறது. 75 வயதுக் கிழவியையும் அந்தக் குழி விடவில்லை. அவளுடைய காசை எதிர்பார்த்து வந்த கூட்டம் கலைந்துபோகிறது.

இந்த நாவலைத் தன் கையால் எழுதிய அன்னா, அடுத்த கோடையில் அந்த நாவலுக்குள்ளேயே போய் வாழ நேர்ந்தது. தோஸ்தோயெவ்ஸ்கி இறந்த தமையனின் கடன்களைத் தலைமேல் ஏற்றிருந்தார். தமையன் மனைவி, முதல் தாரத்து மகன், கடன்காரர் என எல்லோரும் நெருக்கினார்கள். சீதனமாக வந்த தளபாடங்களையும் வெள்ளிச் சாமான்களையும் பியானோவையும் அடைவு வைத்து, அந்தப் பணத்தில் 1867 ஏப்ரலில் கணவரை வெளிநாட்டுக்கு அழைத்துப்போனவள் அன்னா. குடும்பத்தோடு விடுமுறைக்குப் போவார்கள். இவர்கள் குடும்பத்திடமிருந்து தப்பி விடுமுறைக்குப் போனார்கள். மூன்று மாதம் என்று நினைத்த பயணம் நான்கு ஆண்டுகளாயிற்று.

1867 யூலைத் தொடக்கத்தில் பாடன் பாடன் வந்தார்கள். ஏழு வாரங்கள் தங்கினார்கள். அவருக்கு வயது 45, அவளுக்கு 20, வயிற்றில் பிள்ளை. கொல்லன் பட்டறைக்கு மேலே மலிவான அறை. காலையிலேயே சம்மட்டி அடி தொடங்கிவிடும். அவர் மண்டபத்துக்குப் போவார். தோற்று வந்து மண்டியிட்டு அழுவார். மறுபடி காசு கேட்பார். திருமண மோதிரங்கள் அடைவுக்குப் போயின. மணமகளுக்கு அவர் பரிசாகக் கொடுத்த மார்பூசியும் தோடுகளும் போயின. அவளுடைய உடுப்புகளும் போயின. வென்றால் பழமும் பூவும் வாங்கிவருவார், சிலவற்றை மீட்பார், மறுநாள் மீண்டும் வைப்பார். ஊரில் கொன்சரோவ் இருந்தார், துர்க்கனேவ் இருந்தார். துர்க்கனேவின் பழைய 50 தாலரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. போய்ச் சந்தித்தது 'புகை' பற்றியும் ரஷ்யா பற்றியும் பெருஞ்சண்டையில் முடிந்தது. புறப்படும் நாளிலும் மண்டபத்துக்குப் போய்த் தோற்றுவிட்டுத்தான் வந்தார்.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? அன்னா நாள்தோறும் குறிப்பு எழுதினாள். சுருக்கெழுத்தில், தனக்கு மட்டுமே விளங்கும் சில அடையாளங்களையும் சேர்த்து எழுதினாள். காலையில் எத்தனை பொற்காசு இருந்தது, எத்தனை கேட்டார், எத்தனையோடு திரும்பினார், வீட்டுக்காரிக்கு என்ன பாக்கி, எல்லாம் அதில் உண்டு. நாவல் சூதாடுகிறவனின் நெஞ்சுக்குள் நின்று பேசுகிறது. அவனுக்கு ஒவ்வொரு சுழற்சியும் ஓர் ஊழித் தாண்டவம். குறிப்பேடு அறையில் காத்திருக்கிறவளின் கையிலிருந்து வருகிறது. சூது என்பது அங்கே கணக்கு. ஒரு சூதாட்ட நகரம் யாருடைய காசில் நடந்தது என்று அறிய விரும்பும் வரலாற்று மாணவன் இரண்டாவதைத்தான் முதலில் படிக்கவேண்டும்.

வில்லிபாரதத்தின் சூதுபோர்ச் சருக்கத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், ஆடப்போறவர் தருமர்தானே? பிறகேன் எல்லாரும் போனவை? பாஞ்சாலியை ஏன் கூட்டிக்கொண்டு போனவை?" நல்ல கேள்வி. புதிதாய்க் கட்டிய மண்டபத்தைப் பார்க்க வாருங்கள் என்றல்லவா உறவினர் அழைப்பு விடுத்தார்கள் என்றேன். விருந்துக்குப் போகும் குடும்பம் குடும்பமாகத்தான் போகும். பெனாசேயின் விளம்பரத்துக்கும் துரியோதனனின் அழைப்புக்கும் நடுவே எனக்கு அதிக தூரம் தெரியவில்லை.

பாடன் பாடனிலிருந்து அவர்கள் சுவிற்சர்லாந்துக்குப் போனார்கள். வழியில் பாசல் நகரில் ஹொல்பைன் தீட்டிய இறந்த கிறிஸ்துவின் ஓவியம் தோஸ்தோயெவ்ஸ்கியைப் பிடித்து நிறுத்தியது. அது பின்னர் 'அசடன்' நாவலில் இடம்பெற்றது. 1868இல் ஜெனீவாவில் மகள் சோனியா பிறந்தாள். மூன்றே மாதங்களில் இறந்தாள். சூது விடவில்லை. 1871 ஏப்ரலில் அவர் ஒன்றும் எழுத முடியாமல் தவித்தபோது, இருந்த சிறுதொகையில் 100 தாலரை எடுத்து, வீஸ்பாடன் போய் ஆடிவிட்டு வாருங்கள் என்று அனுப்பியவள் அன்னாவேதான். தோற்பார் என்று தெரிந்தே அனுப்பியதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறாள். தோற்றார். திரும்பிவர அனுப்பிய பணத்தையும் தோற்றார். அதன்பிறகு அவர் ஆடவில்லை.

அடுத்த ஆண்டோடு ஆட்டமே நின்றது. 1868இல் வட ஜேர்மன் கூட்டமைப்பு இயற்றிய சட்டம் கொடுத்த தவணை 1872 முடிவில் தீர்ந்தது. பாடன் பாடன் உட்பட மண்டபங்கள் மூடப்பட்டன. பிரான்சுவா பிளான்க் முன்யோசனைக்காரர். 1863இலேயே மொனாக்கோவில் உரிமை வாங்கிவிட்டிருந்தார். அவர் வளர்த்த குன்றுக்கு 1866இல் மொன்ரே கார்லோ என்று பெயரிட்டார்கள். 1868இல் புகையிரதம் அங்கேயும் வந்தது. 1869இல் மொனாக்கோ மக்களுக்கு நேர்வரி நீக்கப்பட்டது. ஆனால் அந்நாட்டுக் குடிகள் மண்டபத்தில் ஆடக்கூடாது என்று சட்டம். தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாத பண்டத்தை விருந்தாளிக்குப் பரிமாறிய அரசு அது. பாடன் பாடன் மண்டபம் 1933இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2021இல் அந்த ஊர் ஐரோப்பாவின் பெரும் நீராட்டு நகரங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

ரஷ்யா திரும்பிய அன்னா 1873இல் கணவரின் நாவலொன்றை 3500 பிரதிகள் தானே பதிப்பித்து, வீட்டிலிருந்தே விற்றாள். கடதாசி விலை, அச்சுக்கூலி, புத்தகக்கடைக் கழிவு எல்லாவற்றையும் அவளே கேட்டறிந்து கணக்குப் பார்த்தாள். 1881இல் அவர் இறப்பதற்குச் சிறிது முன்னர் தமையனின் கடன்களும் தீர்ந்தன. 1918இல் யால்ற்றாவில் அவள் இறந்தாள். குறிப்பேட்டின் ஒரு பகுதி 1923இல் நூலாயிற்று. பின்னாளில் லெனின்கிராட்டைச் சேர்ந்த சுருக்கெழுத்தாளர் ஒருவர் மூல ஏடுகளை அடையாளம் அடையாளமாக வாசித்தெடுத்தார். அப்போது ஒன்று தெரியவந்தது. அன்னா முதுமையில் தன் ஏடுகளைத் தானே பெயர்த்தெழுதியபோது, கணவர்மேல் அன்று வந்த கோபத்தையும் கசப்பையும் பல இடங்களில் மென்மைப்படுத்தியிருந்தாள். சுருக்கெழுத்தில் அவை அப்படியே இருந்தன.