அட்டாக் ஆன் டைட்டன்: முதல் சீசன்

ஹாஜிமே இசயாமாவின் மங்காவைத் தழுவி விட் ஸ்டூடியோ தயாரித்த ஜப்பானிய அனிமே தொடரின் முதல் பகுதி. 2013 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 25 எபிசோட்களாக ஒளிபரப்பானது. இயக்கம் தெத்சுரோ அராக்கி. திரைக்கதை அமைப்பு யசுக்கோ கொபயாஷி. இசை ஹிரோயுக்கி சவானோ. டார்க் ஃபேன்டஸி வகையைச் சேர்ந்தது. மனிதர்கள் உயிரோடு விழுங்கப்படும் காட்சிகள் ஏராளம் என்பதால், கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க உகந்ததல்ல.

மங்கா 2009 செப்டம்பரில் கொடான்ஷா நிறுவனத்தின் மாத இதழ் ஒன்றில் தொடங்கி, 2021 ஏப்ரல் வரை வந்து 34 தொகுதிகளில் முடிந்தது. இசயாமா பிறந்து வளர்ந்தது ஓய்தா மாவட்டத்தில், நாற்புறமும் மலை சூழ்ந்த ஓயாமா என்னும் ஊர். தான் வேலை பார்த்த இன்டர்நெட் கஃபேயில் குடிபோதையில் இருந்த ஒருவர் சட்டையைப் பிடிக்க, பேச்சு எடுபடாத மனிதனைவிடப் பயங்கரமான பிராணி இல்லை என்று உணர்ந்ததே கதையில் மனிதரை விழுங்கும் ராட்சதர்களான டைட்டன்களுக்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார்.

மனித குலத்தில் எஞ்சியவர்கள் மரியா, ரோஸ், ஸீனா என்னும் மூன்று வளையச் சுவர்களுக்குள் நூறாண்டுகளாக வாழ்கிறார்கள். சுவரின் உயரம் 50 மீட்டர். 845ஆம் ஆண்டில் ஒரு நாள் 60 மீட்டர் உயர டைட்டன் அதற்கு மேலே தலை நீட்டுகிறது. வாசல் உடைந்து ஷிகான்ஷினா நகரம் வீழ்கிறது. சிறுவன் எரென் கண்முன்னே அவன் தாய் இரையாகிறாள். முதல் எபிசோட் இவ்வளவோடு நின்றுவிடும். ஐந்தாவதில் எரெனும் விழுங்கப்படுகிறான். அவன் பிறகு உயிரோடு திரும்பினாலும், கதாநாயகனுக்கு ஒன்றும் ஆகாது என்ற பார்வையாளரின் தெம்பு அங்கேயே கழன்றுவிடுகிறது.

மங்காவில் எரென் படைவீரனாகப் பயிலும் முகாம் பற்றிய பகுதி, ட்ரோஸ்ட் நகரப் போருக்குப் பிறகுதான் பின்னோக்கிச் சொல்லப்படும். அனிமே அதைக் காலவரிசைப்படி மூன்றாம், நான்காம் எபிசோட்களிலேயே வைத்துவிட்டது. நல்ல முடிவு. கூடப் பயின்றவர்களின் முகமும் குணமும் பழகிய பிறகே ட்ரோஸ்ட் வருவதால், ஒவ்வொரு சாவும் வலிக்கிறது.

சண்டைக் காட்சிகளின் உயிர்நாடி வீரர்களின் இடுப்பில் கட்டிய கருவி. கொக்கியோடு கம்பி பாயும், சுவரிலோ மரத்திலோ பற்றும், அழுத்தமேற்றிய வாயுவின் உந்துதலில் வீரர் காற்றில் பறப்பார். டைட்டனைக் கொல்ல பிடரிச் சதையைச் செதுக்கியெடுக்க வேண்டும். கத்தி மழுங்கினால் உறையிலிருந்து வேறு அலகை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் நடுத்தெருவில் வாயு தீர்ந்தால் கதை முடிந்தது. ட்ரோஸ்ட் பகுதியின் பாதிப் பதற்றம் இந்த வாயுக் கணக்கில்தான் இருக்கிறது. வேகத்துக்குத் தோதாகப் பாத்திரங்களின் விளிம்புக் கோடுகளும் தடித்து, மங்காவின் மை வாடையோடு வரையப்பட்டிருக்கும்.

முதல் பதின்மூன்று எபிசோட்களோடு ட்ரோஸ்ட் முடிகிறது. அதன் பின்னே வரும் 13.5 பழைய காட்சிகளின் தொகுப்பு, விட்டுவிடலாம். இரண்டாம் பாதியில் பெண் டைட்டனை வேட்டையாடும் கதை. வனத்தில் படைத்தலைவன் லீவாயின் வீரர்கள் ஒவ்வொருவராக மடிவதே சீசனின் உச்சம்.

எபிசோடின் நடுவே, ‘தற்போது வெளியிடத்தக்க தகவல்’ என்ற பொருளில் ஓர் அட்டை தோன்றி மறையும். சுவரைப் பற்றியோ கருவியைப் பற்றியோ சில வரிகள் இருக்கும், அவ்வளவே. தொடரின் தந்திரம் முழுவதும் இதுதான்: சுவருக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்ததற்கு மேல் பார்வையாளருக்கும் எதுவும் கிடைக்காது. கடைசி எபிசோடில், பெயர்ப்பட்டியல் ஓடிய பிறகு, பெயர்ந்து விழுந்த சுவரின் உள்ளே ஒரு டைட்டனின் முகம் தெரிகிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள், மங்காவைப் புரட்டாவிட்டால், இரண்டாம் சீசன் வந்த 2017 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

‘குரென் நோ யூமியா’ என்ற முகப்புப் பாடல் பெரும் புகழ் பெற்றது. பாடிய லிங்க்ட் ஹொரைசன் குழு அந்த ஆண்டிறுதியில் என்எச்கேயின் கோஹாக்கு இசை நிகழ்ச்சி வரை சென்றது. இசயாமாவின் ஊரான ஓயாமாவின் அணைக்கட்டின் எதிரே 2020இல் எரென், அவன் தோழர்களான மிகாசா, ஆர்மின் ஆகிய மூவரின் சிறுவயதுச் சிலைகள் நிறுவப்பட்டன; அணையையே சுவராக எண்ணி அவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

கதை முழுதும் தெரிந்தபின் இந்த சீசனைத் திரும்பப் பார்ப்பது தனி அனுபவம். பெண் டைட்டனின் பிடியில் அகப்பட்ட, எரெனோடு பயின்ற ரைனர் கத்தியால் அறுத்துக்கொண்டு தப்புகிறான். அவளோ தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, எரென் இருக்கும் திசைக்குத் திரும்பி ஓடுகிறாள். முதல் தடவை அவன் தப்புவது வீரச்செயலாகத்தான் தெரியும்.