சோப்பு நுரைக்கலையா, பருப்பு வேகலையா? 'உப்புத் தண்ணி'க்குள் இருக்கும் இரண்டு பிரச்னைகள்!

தூத்துக்குடியில் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் வரும். ஒன்று, வல்லநாட்டில் இருந்து பைப்லைனில் மாநகராட்சி கொண்டுவரும் தாமிரபரணித் தண்ணீர். இன்னொன்று, மோட்டார் போட்டு மாடி டேங்கில் ஏற்றும் போர் தண்ணீர். குடிக்க, சமைக்க முதலாவது. குளிக்க, துவைக்க இரண்டாவது. ஆத்துத் தண்ணி வராத நாட்களில் எல்லாத்துக்கும் போர் தண்ணிதான். பருப்பு வேகலை, டீ மேல் ஆடை படியுது, தலைமுடி பிசுபிசுன்னு நிக்குது என்ற புலம்பல் அப்போதுதான் தொடங்கும்.

இதற்கெல்லாம் மக்கள் வைத்திருக்கும் ஒரே பெயர், 'உப்புத் தண்ணி'. ஆனால் இதற்குள் இரண்டு தனித்தனி சிக்கல்கள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் மெஷின் வாங்கினால் காசுதான் வீண்.

கடினம் வேறு, கரிப்பு வேறு

தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாகக் கரைந்திருந்தால் அது கடின நீர். சோப்பை நுரைக்க விடாமல் செய்வதும், பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டுவதும் இதுதான். நாக்கில் கரிப்பாகத் தெரிவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு. உள்மாவட்டங்களில் கடினம் மட்டும் இருக்கலாம். கடலோரத்தில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிப்படி (ஐ.எஸ். 10500), கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. குளோரைடுக்கு இந்த அளவுகள் 250, 1,000.

கடல் எப்படி போருக்குள் வருகிறது?

கடற்கரையோரம் நிலத்தடியில் நல்ல தண்ணீர், கனமான கடல் தண்ணீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு அது கடல்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலநீரியல் கணக்கு. கணக்கை அப்படியே திருப்பிப் பாருங்கள். அதிகமாக உறிஞ்சி மேலே ஓர் அடி இறங்கினால், கீழே கடல்நீர் 40 அடி ஏறி வர வழி கிடைக்கிறது. அதனால்தான் போரை இன்னும் ஆழமாகப் போடுவது கடலோரத்தில் பல நேரம் எதிர்விளைவையே தரும்.

கடல்நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கும் மேல். குளோரைடோ 19,000-ஐத் தாண்டும். நிலத்தடி நீரில் வெறும் 3 சதவீதம் கடல்நீர் கலந்தாலே குளோரைடு 500-க்கு மேல் கூடிவிடும். கடினமும் 200 வரை ஏறும். போதாததற்கு, உள்ளே வரும் சோடியம், களிமண்ணில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியேறிய கால்சியம் உங்கள் டேங்குக்கு வந்துசேரும்.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

துவரம்பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினை கால்சியம் இன்னும் இறுக்கிவிடுகிறது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு மசியாமல் நிற்பது இதனால்தான். ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். ஆனால் ருசியும் சத்தும் கொஞ்சம் குறையும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டுமாவது ஆத்துத் தண்ணியை ஒதுக்கி வைப்பது இதைவிட நல்ல வழி.

சோப்பு, கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுகிறது. தலையில் ஒட்டுவதும், பக்கெட் ஓரத்தில் கோடு போடுவதும் அந்தப் பிசுக்குதான். ஷாம்பூ, சோப்புக் கட்டி போல இல்லாததால் அவ்வளவு பாதிக்காது. முடி கொட்டுவதற்குத் தண்ணீரை மட்டுமே குற்றம் சொல்லவும் முடியாது.

அதிகம் செலவு வைப்பது கெய்சர். சூடாகும்போது படியும் சுண்ணாம்பு, ஹீட்டிங் காயிலைப் போர்வை போல மூடிவிடும். கரன்ட் கூடுதலாகச் செலவாகி, கடைசியில் காயிலே எரிந்துபோகும். வெப்பத்தைக் குறைத்து வைத்தால் படிவும் குறையும். கரிப்பும் சேர்ந்த தண்ணீர் என்றால், டேங்க் அரிக்காமல் காக்க உள்ளே இருக்கும் மெக்னீசியம் ராடு சீக்கிரம் கரைந்துவிடும். சர்வீஸுக்கு வருபவரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த மெஷின் எதற்கு?

கொதிக்க வைத்தால் கடினம் ஓரளவு குறையும். பைகார்பனேட் வகை மட்டும் வெள்ளையாக அடியில் படியும். கரிப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தைத் தொடாது.

சாஃப்ட்னர், கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். துவைக்க, குளிக்க, கெய்சருக்கு நல்லது. ஆனால் கரிக்கிற தண்ணீரை அது நல்ல தண்ணீராக மாற்றாது. சோடியம் கூடுவதால் பி.பி. உள்ளவர்கள் அதைக் குடிக்காமல் இருப்பது நல்லது. கரிப்பையும் கடினத்தையும் சேர்த்துக் குறைப்பது ஆர்.ஓ. மட்டுமே. அதில் வெளியேறும் கழிவு நீரில் உப்பு இன்னும் அடர்த்தி, செடிக்கு ஊற்ற வேண்டாம். கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம்.

கல் அடைப்பு வருமா?

கடின நீர் குடித்தால் கிட்னி ஸ்டோன் வரும் என்பது ஊரெல்லாம் இருக்கும் நம்பிக்கை. ஆய்வுகளில் இது உறுதியாகவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடலுக்குத் தேவையானவையே. கல் உருவாக முக்கியக் காரணங்களில் ஒன்று, தண்ணீரே குறைவாகக் குடிப்பது. ருசி பிடிக்காமல் வெயிலில் குடிக்காமல் இருப்பதுதான் அதிக ஆபத்து.

உண்மையில் ஆபத்து பாத்ரூமில் இருக்கிறது. டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றிவிட்டு, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடர் போடுபவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் அடைத்த சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே உலை வைக்கும். ஷவர், குழாய் முனைக் கறைக்கு வினிகரோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ போதும். அதையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கக் கூடாது.

மெஷின் வாங்கும் முன் என்ன செய்யணும்?

விற்க வருபவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் காட்டும். அதில் கடினம் எவ்வளவு, கரிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். மாதிரி எடுக்கும் முன் மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் நேராகப் பிடியுங்கள். ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியவை மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு என்ற இரண்டு வரிகள். கோடை முடிவில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒருமுறை எடுத்தால், உங்கள் போரில் கடல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.