கயிறும் ஆணியும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம் ஒன்று உள்ளது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்குதல் வேண்டும். அவர்களுக்குக் காவல் அளித்தல் வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கும், மூன்று கூறு உடையவனுக்கும் உரியன. வணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதி. இதுவே அதன் சாரம். ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை.

கலம் உடைதல் மன்னன் சட்டம் வகுக்கும் அளவுக்கு நேர்ந்தது என்பது இதனாற் புலனாகின்றது. கலம் உடைந்தால் வணிகன் எஞ்சிய பொருளிலும் பாதியை இழந்தான். ஆகவே பலகையோடு பலகையைப் பிணைத்தது எது என்பது அவனுக்கு வாழ்வும் தாழ்வுமான வினாவாகும்.

இந்துமாக் கடலில் நெடுங்காலம் தென்னங்கயிற்றினாற் பலகைகளைத் தைத்தே கலங்கள் கட்டப்பட்டன. இதன் காரணம் மேல்நாட்டார்க்கு விளங்கவில்லை. கீழைக்கடலில் இரும்பாணி தைத்த கலங்களை இழுத்து நிறுத்தும் காந்தத் தீவுகள் உண்டென்று 2-ஆம் நூற்றாண்டிலே தாலமி எழுதினார். 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோப்பியசு அக்கதையை மறுத்தார். ஆயினும் இந்தியரிடம் இரும்பு இல்லாமையே காரணம் என்றார். அதுவும் பிழையே. தமிழகத்தில் இரும்பு உருக்கும் தொழில் மிகப் பழையது. உண்மைக் காரணம் எளிது. கயிறு துருப்பிடிக்காது, அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுக்கும், அறுந்தால் கரையிலேயே மீண்டும் தைத்துக்கொள்ளலாம்.

பெருங்கலங்களுக்கு ஆணியின் உறுதி வேண்டியிருந்தது. ஆணியோடு துருவும் வந்தது. 1761-இல் ஆங்கிலக் கடற்படையினர் ‘அலாரம்’ என்னும் கப்பலின் அடிப்புறத்தைக் கப்பற்புழு அரிக்காதவாறு செப்புத் தகட்டினால் மூடினர். 1763-இல் சோதித்தபோது புழு அரிக்கவில்லை. ஆனால் செம்பைத் தொட்ட இரும்பாணிகள் கரைந்துபோயிருந்தன. இடையே பழுப்புக் காகிதம் கிழியாதிருந்த இடங்களில் மாத்திரம் ஆணிகள் நன்றாக இருந்தன. உப்புநீரில் இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் அவற்றுள் ஒன்று அழியும் என்னும் உண்மையை அக்கப்பல் விலைகொடுத்துக் கற்றது.

இரும்புக்கடைக்குச் சென்று படகுக்கு ஆணி வாங்குவோர்க்கு இன்றும் அப்பாடமே துணை. செப்பாணி தைத்த படகைச் செப்பாணி கொண்டே பழுதுபார்த்தல் நன்று. நாகமுலாம் பூசிய ஆணிக்கு அருகே பித்தளைத் திருகாணியை முடுக்குவது, மலிவாக வாங்கி மறுமுறையும் செலவழிப்பதாகும். பலகை இடுக்குகளிற் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிப் பூசும் கலப்பத்து வேலையும் சிறக்கச் செய்யப்படல் வேண்டும். ஆணியைச் சூழ்ந்து நீர் தங்காதபோதே ஆணி நிலைக்கும்.

கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பாலம் இல்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து படகே வழி. நோயாளியும், மாணவனும், அம்மனைத் தொழச் செல்லும் அடியாரும் அப்படகின் பொருத்துகளையே நம்பிக் கடலில் இறங்குகின்றனர். உடைந்த கலத்துக்குப் பங்கு வகுத்தான் மன்னன். கலம் உடையாதிருக்க வழி வகுத்தவன் ஓடாவியே.