பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்கு சீசனுக்கு ஒரு சாப்பாடு... ஏன் தெரியுமா?

அலாஸ்காவில் மார்ச் மாதம் நடக்கும் 'இடிட்டராட்' பந்தயத்தில் நாய்கள் பனியில் வண்டியை இழுத்துக்கொண்டு சுமார் 1,600 கி.மீ. ஓடுகின்றன. இவற்றுக்கு வருஷம் முழுக்க ஒரே சாப்பாடு போட்டால் சிக்கல்தான்!

குளிர்காலம்:
பந்தய நாட்களில் ஒரு நாய்க்கு தினமும் சுமார் 10,000 கலோரி தேவை. நமக்குத் தேவையானதைப் போல 4 மடங்குக்கும் மேல்! இதில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்துதான் கிடைக்கிறது. அதனால் கொழுப்புள்ள இறைச்சி, மீன் எல்லாம் போடுவார்கள்.

தண்ணீர்தான் முக்கியம்:
கடும் குளிரில் வெறும் தண்ணீரை நாய்கள் சரியாகக் குடிக்காது. உடம்பில் நீர் வற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் பனியை உருக்கி, இறைச்சித் துண்டு போட்டு, வெதுவெதுப்பாகக் கொடுக்கிறார்கள்.

கோடை:
ஓட்டம் இல்லை. பழைய அளவிலேயே போட்டால் எடை ஏறிவிடும். அதனால் அளவையும் கொழுப்பையும் குறைக்கிறார்கள். யூகான் ஆற்றங்கரை கிராமங்களில், கோடையில் பிடிக்கும் சால்மனைக் கருவாடாக்கி, நாய்களுக்கென்று குளிர்காலத்துக்கு எடுத்துவைப்பது பழைய வழக்கம்.

இலையுதிர்காலம்:
வெயில் தணிந்ததும் பயிற்சி தொடங்கும். சாப்பாட்டில் கொழுப்பைத் திடீரென ஏற்றினால் வயிற்றுப்போக்கு வரும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள்.

அளவு சரியா? விலா எலும்பைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்!