கிளிஃபோர்ட் பிரவுன்

கிளிஃபோர்ட் பிரவுன் (அக்டோபர் 30, 1930 – ஜூன் 26, 1956) ஓர் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர். ட்ரம்பெட் வாசிப்பில் புகழ் பெற்றவர். டெலவெயர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் பிறந்தார். ஃபேட்ஸ் நவாரோவின் வாசிப்பு இவரைப் பெரிதும் கவர்ந்தது.

1950 இல் வாகன விபத்தொன்றில் படுகாயமுற்றுப் பல மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார். அங்கு இவரைச் சந்தித்த டிசி கில்லெஸ்பி, இசையைக் கைவிடவேண்டாம் என ஊக்குவித்தார். 1953 இல் லயனல் ஹாம்ப்டன் குழுவுடன் ஐரோப்பா சென்றார். குழுவினர் தனியே ஒலிப்பதிவு செய்யக்கூடாது எனத் தடை இருந்தும், பாரிசிலும் ஸ்டாக்ஹோமிலும் இவர் இரகசியமாகப் பதிவுகள் செய்தார். அவை இன்றும் விரும்பிக் கேட்கப்படுகின்றன.

1954 இல் டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச்சுடன் இணைந்து ஐவர் குழுவொன்றை அமைத்தார். "ஜாய் ஸ்பிரிங்", "டாவூட்" ஆகியன இக்காலத்தில் புகழ்பெற்ற இவரது ஆக்கங்கள். விரைவான சுரங்களிலும் ஒவ்வொன்றும் தெளிவாகவும் முழுமையாகவும் ஒலிப்பது இவரது தனித்தன்மை.

அக்கால ஜாஸ் கலைஞர் பலர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தனர். நவாரோவும் அவர்களுள் ஒருவர், 26 வயதில் இறந்தார். பிரவுன் போதைப்பொருளைத் தொடாதவர். குழுவில் பின்னர் சேர்ந்த சாக்சபோன் கலைஞர் சோனி ரோலின்சு, இவரது வாழ்க்கைமுறை தமக்கு முன்மாதிரியாக அமைந்ததாகக் கூறியுள்ளார்.

1956 இல் மழை பெய்த ஓர் இரவில், பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் விபத்துக்குள்ளாகி பிரவுன் உயிரிழந்தார். குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் அவர் மனைவியும் உடன் இறந்தனர். அப்போது பிரவுனுக்கு வயது 25. இவர் நினைவாக பென்னி கோல்சன் இயற்றிய "ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்" ஜாஸ் கலைஞர்களால் தொடர்ந்து வாசிக்கப்படுகிறது.