கொதிகலனும் தொழிலாளர் உயிரும்

உற்பத்திக் கருவிகளின் வரலாற்றை வெறும் தொழில்நுட்ப வரலாறாக நோக்குவது போதுமானதன்று. அது வர்க்க உறவுகளின் வரலாறுமாகும். கொதிகலன் பரிசோதனையின் வளர்ச்சி இதற்குத் தக்க சான்றாகும்.

1905 மார்ச் 20ஆந் திகதி, அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துப் புறொக்ரன் நகரிலிருந்த குறோவர் காலணித் தொழிற்சாலையின் பழைய கொதிகலன் வெடித்தது. 58 பேர் மாண்டனர். ஒன்றன்மேலொன்று படியவைத்துத் தறையாணிகளால் இணைக்கப்பட்ட தகடுகளின் மூட்டினுள் வளர்ந்த விரிசல், பரிசோதகர் கண்ணுக்குப் புலப்படாதிருந்தமையே காரணமாயிற்று. இதன் பின்னரே, 1907இல், அம்மாநிலம் கொதிகலன் விதிகளுக்கெனச் சட்டமியற்றியது. அதனை அடியொற்றி அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் 1914ஆம் ஆண்டு விதிக்கோவை உருப்பெற்றது.

தடித்த உருக்குத் தகடுகளாலான கொதிகலன் உருளைகளைத் தறையாணியின்றி உருக்கி ஒட்டும் ‘வெல்டிங்’ முறையை அக்கோவை 1931இல் அனுமதித்தது. ஒட்டின் உள்ளே மறைந்திருக்கக்கூடிய குறைகளை எக்ஸ் கதிரால் சோதித்தல் வேண்டுமென்பதும் உடன் விதிக்கப்பட்டது.

பரிசோதனைச் செலவு முதலாளியின் இலாபத்திற் கைவைப்பது. அதனைத் தவிர்ப்பதால் நேரும் இழப்போ தொழிலாளியின் உயிர். எனவேதான் அறிவியல் அறிவு மட்டும் பாதுகாப்பாகிவிடுவதில்லை. அது சமூகக் கட்டுப்பாடாக, சட்டமாக மாறவேண்டியிருந்தது. மாண்டோரை மறந்து எழுதப்படும் தொழில்நுட்ப வரலாறு முழுமைபெற்றதாகாது.